காவலுக்கு எங்கே இடம்?

2022 ஜனவரி 1 அன்று சென்னைப் பெருநகரக் காவல் மூன்று கூறானது. சென்னைக்கு இருந்த கமிஷனரோடு ஆவடிக்கு ஒருவர், தாம்பரத்துக்கு ஒருவர் என்று கமிஷனர்கள் மூவர் ஆனார்கள். அதுவரை திருவள்ளூர் மாவட்டக் காவலின் கீழிருந்த மீஞ்சூர், காட்டூர் நிலையங்கள் ஆவடியோடு சேர்ந்தன. பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, உப்பங்கழிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் காட்டுப்பள்ளிக் கரையும் அவற்றோடு ஆவடியின் கைக்குப் போயிற்று. புதிய கமிஷனரகத்துக்கென்று கட்டடம் எதுவும் தயாராக இல்லை. ஆவடியில் ஏற்கெனவே இருந்த தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் வளாகத்தில்தான் அலுவலகம் தொடங்கியது. துறை பெருகும், ஆள் வருவார்கள், உட்கார இடம் பிறகு தேடப்படும். சென்னைப் பக்கத்தில் இது நூற்றெண்பது வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வரிசை கண்ணில் படுகிறது. இடம் போதவில்லை என்ற குறை எழும்போதெல்லாம் முதலில் தலைமை அலுவலகத்துக்கே இடம் தேடினார்கள். காவலரின் வீடும், விளிம்பில் இருக்கும் காவல் நிலையமும் எப்போதும் கடைசிப் பந்திதான். இந்த வரிசையை மாற்றாமல் எத்தனை மாடி எழுப்பினாலும் நெரிசல் தீராது என்பதே இங்கே சொல்ல வருவது.

காவலுக்கு இடம் கொடுப்பதில் இந்தக் கரைக்குப் பழைய வழிகள் இரண்டு உண்டு. ஒன்று கோட்டை வழி. 1610-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கால் ஊன்றியது. 1612-ல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து அதன் பண்டசாலையைத் தாக்கினார்கள். அடுத்த வருடமே வெம்மர் வான் பெர்க்கெம் கோட்டையை எழுப்பி, தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பேரால் கெல்ட்ரியா என்று பெயரிட்டார். துணியும் வெடிமருந்தும் கப்பல் ஏறிய அந்தத் துறையில் படை மதிலுக்குள் குடியிருந்தது. அது காத்தது சரக்கை. மதிலுக்கு வெளியே இருந்த குப்பங்களில் யார் வலையை யார் அறுத்தார் என்பது அதன் கவலை அல்ல. 1806-ல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையைத் தகர்த்தார்கள். கரையில் இன்று கோட்டையின் தடமும் டச்சுக் கல்லறைகளும்தான் மிச்சம். ஆனால் காவல் என்றால் மதிலும் வாயிலும் உள்ளே ஒரு படையும் என்ற நினைப்பு அந்த வெடியில் தகரவில்லை.

இன்னொன்று ஊர் வழி. 1639-ல் தோன்றிய சென்னைப்பட்டினத்தில் சிப்பாய்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்தார்கள். வெளியே கறுப்பர் நகரத்தின் காவல் பெத்தநாயக்கன் என்ற பரம்பரைக் காவல் தலைவரின் பொறுப்பில் இருந்தது. அவருக்கும் அவருடைய தலையாரிகளுக்கும் மாதச் சம்பளம் கிடையாது. நெல் விளையும் நிலமும், ஊருக்குள் வரும் சரக்குகள்மேல் சிறு வரியும்தான் கூலி. திருட்டுப் போன பொருளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதற்கு ஈடு கொடுக்கும் கடமையும் அவர் தலையில். ஜார்ஜ் டவுனின் ஒரு பாதி இன்றும் பெத்தநாயக்கன்பேட்டைதான். இந்த ஏற்பாட்டில் காவலருக்கு வீடு எங்கே என்ற கேள்வியே எழவில்லை; காவலர் ஊர்க்காரர், ஊருக்குள்ளேயே இருந்தார், அங்கேயே சாப்பிட்டார். இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பரம்பரைக் காவல் சாதிக்கும் செல்வாக்குக்கும் கட்டுப்பட்டது. காவலுக்கு விட்ட ஆளே கள்ளனோடு பங்கு போட்டதும் நடந்ததுதான். கம்பெனி அந்தப் பதவியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழித்ததற்கும் காரணங்கள் இருந்தன. ஆனாலும், இடநெருக்கடி என்பது காவலோடு கூடப் பிறந்த குறை அல்ல. சம்பளக் காவல் வந்த பிறகு வந்த குறை என்பதற்கு இந்த வரலாறு சாட்சி.

சம்பளக் காவலின் பிறப்பையும் பார்த்துவிடலாம். வரி வசூலிக்கும் தாசில்தார் கையிலேயே காவல் அதிகாரமும் இருந்ததால் குடியானவர்கள் பட்ட சித்திரவதையை விசாரிக்க எட்வர்ட் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் கொண்ட குழுவைச் சென்னை அரசு அமைத்தது. 1855-ல் அந்தக் குழு கொடுத்த அறிக்கை லண்டன் வரை எதிரொலித்தது. அதன் தொடர்ச்சியாக 1859-ன் 24ஆம் சட்டம் வந்து, வருவாயிலிருந்து பிரிந்த தனிக் காவல் துறையை மாகாணத்துக்குக் கொடுத்தது. வில்லியம் ராபின்சன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். புதுத் துறையின் உயிர்நாடி இடமாற்றம். உள்ளூர்ச் செல்வாக்கு ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றால் காவலர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வேர்விடுமுன் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சொந்த ஊரிலிருந்து பிடுங்கிய மனிதனுக்குக் கூரை கொடுப்பது பிடுங்கிய அரசின் கடன். கட்டளை போட்ட வேகத்தில் அந்தக் கடனை அடைக்க யாரும் முன்வரவில்லை. மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும் கான்ஸ்டபிளுக்கு வாடகை வீடோ, நிலையத் திண்ணையோதான் கதி என்று ஆயிற்று.

மேலே இருந்தவர்களுக்கோ இடம் கிடைத்துக்கொண்டே இருந்தது. சித்திரவதைக் குழுவில் இருந்த அதே எலியட், பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பேரைக் கொடுத்தவர், சென்னையின் காவல் கண்காணிப்பாளராக இருந்தபோது, 1842 மே மாதம், காவல் அலுவலகம் எழும்பூர் பாந்தியன் சாலையில் அருணகிரி முதலியாருடைய தோட்ட வீட்டுக்குக் குடிபோனது. வாடகை மாதம் 165 ரூபாய். நகரத்துக்கு முதல் கமிஷனராக போல்டர்சன் வந்த 1856-ல் அந்த வீட்டையே 21,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார்கள். வாடகை ஏறாமலே இருந்திருந்தாலும், 14 வருடத்தில் கொடுத்தது 27,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். வீட்டின் விலையைவிட அதிகம். மெரினாக் கரையிலும் இதே கதை. 1839-ல் ஃப்ரீமேசன் சங்கத்தார் தங்கள் கூட்டங்களுக்காகக் கட்டிய மண்டபத்தை 1865-ல் மாதம் 90 ரூபாய்க்கு இன்ஸ்பெக்டர் ஜெனரலின் அலுவலகத்துக்காக எடுத்து, 1874-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். தமிழகக் காவல் துறைத் தலைமை இன்றும் அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டு கொள்முதலிலிருந்தும் இரண்டு விஷயம் கிடைக்கிறது. காவலுக்கென்று அடிக்கல் நாட்டாமல், வேறு வேலைக்காகக் கட்டிய வீட்டையும் மண்டபத்தையும் கொண்டே துறை தன் தலைமையை நன்றாக நடத்த முடிந்தது. எழும்பூர் வீடு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கியது. இரண்டாவது, அலுவலகத்துக்கு இடம் வேண்டும் என்று அதிகாரி எழுதினால் கருவூலம் திறந்தது; கான்ஸ்டபிளின் வீட்டுக்கு அது திறக்க இன்னும் பல வருடம் பிடித்தது.

1902-ல் கர்சன் அமைத்த ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன், காவலரின் கூலி எவ்வளவு குறைவு என்பதை ஊர் ஊராகக் கேட்டுப் பதிந்தது. அவர்களுக்கு அரசே குடியிருப்பு தர வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் அடக்கம். அதன் வழியில் எழுந்தவைதான் ஊர்தோறும் நாம் பார்க்கும் போலீஸ் லைன்கள்: ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஒற்றை அறை வீடுகள், முன்னால் ஒரு தாழ்வாரம், பொதுக் குழாய், ரோல்காலுக்கு ஒரு மைதானம். ஒற்றை ஆளுக்கும் சின்னக் குடும்பத்துக்கும் கணக்குப் போட்ட அறையில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், மாமியார் வந்து சேர்ந்தார், இரவுப் பாராவிலிருந்து திரும்பிய ஏட்டு பகலில் தூங்க மூலை தேடினார். லைனில் வீடு கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. மற்றவர்கள் போலீஸுக்கு வீடு தரத் தயங்கும் வீட்டுக்காரர்களைத் தேடி அலைந்தார்கள். 1979-ல் தேசிய போலீஸ் கமிஷன் தன் முதல் அறிக்கையையே கான்ஸ்டபிள்களின் நிலைக்காக ஒதுக்கியது. அதே வருடம் பஞ்சாபில் தொடங்கிய காவலர் கிளர்ச்சி தமிழகம் வரை பரவியது. 1981 ஏப்ரலில் தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் பிறந்ததற்கு இந்தச் சூழலைத் தள்ளிவிட்டுக் காரணம் தேட முடியாது. சம்பளப் போலீஸ் உருவாகி 122 வருடம் கழித்து, அதுவும் காக்கிச் சட்டைக்காரர்களே தெருவுக்கு வந்த பிறகு, அவர்களுடைய கூரைக்கென்று ஒரு நிறுவனம் அமைந்தது.

அந்தக் கழகம் வந்த பிறகும் பழைய வரிசை லேசில் மாறவில்லை என்பதற்கு 1993 சாட்சி. மெரினாத் தலைமையகத்தில் இடம் போதவில்லை. பிரிவுகள் பெருகிவிட்டன, கோப்புகள் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டன. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் பல மாடிக் கட்டடம் கட்டுவது என்று அரசு முடிவெடுத்தது. கலை, பண்பாட்டு மரபுக்கான தேசிய அறக்கட்டளை நீதிமன்றம் போயிற்று. எஸ். முத்தையா நடத்திய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ ஏடு விடாமல் எழுதியது. இடிப்பு நின்றது, தூண்களோடு நிற்கும் பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்துப் புதுப்பித்து, கூடுதல் இடத்துக்காகத் துணைக் கட்டடமும் எழுப்பினார்கள். இந்தக் கதையை மரபு காத்த கதையாகவே சொல்லி வருகிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இடிக்காமலே இடம் கண்டுபிடிக்க முடிந்தது என்றால், இடித்தே ஆக வேண்டும் என்று சொன்ன நெருக்கடி அவ்வளவு இறுக்கமானதாக இல்லை என்றுதான் பொருள். அதே வருடங்களில் நகரத்தின் பல நிலையங்களில் ரைட்டரின் மேசைக்கும் லாக்கப்புக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளிதான் இருந்தது. பறிமுதல் வண்டிகள் வாசலை அடைத்துத் துருவேறிக்கொண்டிருந்தன. புகார் கொடுக்க வரும் பெண் உட்கார நாற்காலி கிடையாது. அந்த நெருக்கடிக்காக யாரும் நீதிமன்றம் போகவில்லை, எந்த ஏடும் இயக்கம் நடத்தவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். இன்றைய காவல் என்பது கட்டுப்பாட்டு அறை, கேமராத் திரைகள், சைபர் பிரிவு, தடய ஆய்வகம் எல்லாம் சேர்ந்தது. அதைத் தோட்ட வீட்டுத் தேக்கு உத்தரத்தின் கீழ் எத்தனை நாள் ஓட்டுவது? நியாயமான கேள்வி. அதனால்தான் 2013-ல் சென்னைக் கமிஷனர் அலுவலகம் எழும்பூரிலிருந்து வேப்பேரியின் புதுக் கட்டடத்துக்குப் போனதைக் குறை சொல்ல இடமில்லை. காலி செய்த எழும்பூர் வீட்டை விற்காமல் இடிக்காமல் 2021 செப்டம்பரில் காவல் அருங்காட்சியகமாக்கியதும் நல்ல முடிவே. ஆனால் தொழில்நுட்பம் கூடக் கூட தலைமையகம் பெருத்துக்கொண்டே போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1829-ல் நாலாம் எண் வைட்ஹால் பிளேஸில் தொடங்கிய லண்டன் பெருநகரப் போலீஸ், இடம் போதாமல் 1890-ல் தேம்ஸ் கரைக்கும், 1967-ல் பிராட்வேயின் கோபுரக் கட்டடத்துக்கும் மாறியது. பிறகு எதிர்த்திசையில் நடந்தது. 2014-ல் அந்தக் கோபுரத்தை 37 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, தேம்ஸ் கரையிலேயே இருந்த தன் பழைய, சிறிய கட்டடத்தைப் புதுப்பித்து 2016-ல் திரும்பக் குடிவந்தது. லண்டனும் அதே காலத்தில் பல நிலையங்களை மூடி மக்களின் வசவை வாங்கியது; அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைமையகத்தைச் சுருக்கினால் மட்டும் போதாது, மிச்சமாகும் பணம் கீழே இறங்குகிறதா என்பதே கேள்வி என்று அந்த நகரம் காட்டுகிறது.

கீழே என்றால் எவ்வளவு கீழே என்பதற்குக் காட்டுப்பள்ளியைவிடத் தெளிவான இடம் கிடைக்காது. எண்ணூர் கழிமுகத்தைத் தாண்டிய இந்தக் கரையில் முப்பது வருடத்துக்குள் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001-ல் எண்ணூர் துறைமுகம். 2010-ல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியிலேயே எழுந்தது. பிறகு எல் அண்ட் டி கப்பல் தளமும் துறைமுகமும். 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 330 ஏக்கர் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் வருடக்கணக்காக எதிர்த்து வருகின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் மதில் உண்டு, வாயிலில் காவல் உண்டு, ஊழியர்களுக்குக் கொட்டகையோ குடியிருப்போ உண்டு. மதிலுக்கு வெளியே கிடக்கும் கரைக்கோ, ஏதாவது என்றால் காட்டூர் நிலையம். ஏரிமுகத்துப் பழவேற்காட்டுக்குத் திருப்பாலைவனம் நிலையம். கெல்ட்ரியாவின் கணக்கு அப்படியே திரும்பி நிற்கிறது: சரக்குக்குக் காவல் பக்கத்தில், குடிக்குக் காவல் தொலைவில். 2025 செப்டம்பரில் காட்டுப்பள்ளியில் ஒரு தொழிலாளி இறந்ததை அடுத்து, வெளிமாநிலத் தொழிலாளர்கள் திரண்டது கல்வீச்சும் கண்ணீர்ப்புகையுமாக முடிந்தது. அன்றாடம் முகம் தெரிந்த ஒரு நிலையம் பக்கத்தில் இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான பேரைத் தங்கவைக்கத் திட்டம் போட்டவர்கள் அவர்களோடு பேசத் தெரிந்த நாலு காவலரைத் தங்கவைப்பதையும் அதே வரைபடத்தில் சேர்த்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லலாம்.

இதற்கு இன்னும் வலுவான ஒரு மறுப்பு கரையிலிருந்தே வரும். எங்களுக்குப் போலீஸ் எதற்கு? பழவேற்காட்டில் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள், ஏரியில் எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், யார் என்றைக்கு வலை போடுவது என்று முறை வைத்து, சச்சரவைத் தங்களுக்குள்ளேயே தீர்த்து வந்தவை. காவல் நிலையம் பக்கத்தில் வந்தால் அது துறைமுகத்துக்குத்தான் காவல் நிற்கும், எங்கள்மேல் வழக்குப் போடும் என்ற பயமும் வெறும் கற்பனை அல்ல. நிலத்துக்காகவும் கடலுக்காகவும் போராடிய ஊர்கள் காக்கிச் சட்டையை எதிர்ப்பக்கத்திலேயே பார்த்துப் பழகியவை. இந்தப் பயத்தை மதிக்க வேண்டும். ஆனால் பாடு முறை தீர்ப்பது பாட்டுக்காரர்களுக்குள் வரும் தகராறை. பாட்டில் பங்கில்லாத மீனவருக்கும், கூலிக்கு வந்த ஒடிசாக்காரருக்கும், கணவன் அடித்த பெண்ணுக்கும் அந்தப் பஞ்சாயத்தில் குரல் குறைவு. தொலைவில் இருக்கும் போலீஸ் எப்போதாவது வரும். வரும்போது கூட்டமாக, லாரியில், பந்தோபஸ்துக்கு வரும். பயத்தை வளர்ப்பது இப்படி வரும் போலீஸ்தான். குடும்பத்தோடு பக்கத்தில் குடியிருந்து, பிள்ளையை அதே பள்ளிக்கு அனுப்பி, அதே கடையில் மீன் வாங்கும் காவலரிடம் ஊருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடும். இடமாற்ற விதியைக் கைவிடச் சொல்லவில்லை. அது பரம்பரைக் காவலின் கேட்டைத் தடுக்க வந்த விதி. மூன்று வருடமோ ஐந்து வருடமோ, இருக்கும் வரை அந்த ஊரில் இருக்க ஒரு வீடு வேண்டும் என்பதுதான் வாதம்.

வீடு என்றதும் 2012-ல் தொடங்கிய ‘உங்கள் சொந்த இல்லம்’ திட்டத்தைக் காட்டுவார்கள். மேலக்கோட்டையூரில் 2,673 வீடுகள் எழுந்தன. கடன் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஓய்வுக்குப் பிறகு நிற்க ஒரு நிழல் என்ற அளவில் அது பெரிய உதவி. ஆனால் வண்டலூர்ப் பக்கத்தில் சொந்த வீடு இருப்பது காட்டூரில் பாரா நிற்பவருக்கு வேலைக்கால இருப்பிடம் ஆகாது. சொந்த வீட்டுத் திட்டமும் பணிக் குடியிருப்பும் இரண்டு வேறு தேவைகள். முன்னதைக் காட்டிப் பின்னதை மறக்கடித்தால், 1859-ல் அரசு தலையில் ஏற்றிக்கொண்ட கடன் மெல்லக் காவலரின் வங்கிக் கடனாக மாறிவிடும்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதிலும் இந்தக் குளறுபடியின் வேர் இருக்கிறது. அமெரிக்க நகரங்களில் போலீஸுக்கு இடம் போதவில்லை என்றால் நகர மன்றம் கூடும்; புதிதாகக் கட்டுவதா, பழைய பள்ளியை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று குடிமக்கள் முன்னிலையில் வாதாடும். அந்தச் செலவு அந்த ஊர் வரிப்பணம். நம் ஊரில் 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கே காவல்மேல் பாத்தியதை இல்லை. மீஞ்சூர் ஒன்றியத்தின் காட்டுப்பள்ளி ஊராட்சிக்கு இருக்குமா? நிலையம் எங்கே, குடியிருப்பு எத்தனை என்பதெல்லாம் புனித ஜார்ஜ் கோட்டைத் தலைமைச் செயலகத்தில், காவல் தலைமையகத்தின் குறிப்பின் பேரில் முடிவாகிறது. தலைமையகத்தின் கண்ணில் முதலில் படுவது தலைமையகத்தின் நெரிசல்தானே. காவலை உள்ளாட்சியின் கையில் கொடுத்துவிடச் சொல்லவில்லை. உள்ளூர் அரசியல்வாதியின் கையில் லத்தி போவதன் ஆபத்து தெரிந்ததுதான். இடம் பற்றிய முடிவில் மட்டும் ஊராட்சியையும் மாநகராட்சியையும் கேட்டே ஆக வேண்டும் என்று விதி செய்தால் போதும். எந்தக் குப்பத்துக்கு நடுவே ஒரு புறக்காவல் நிலையம் வேண்டும், எந்தப் பழைய அரசுக் கட்டடம் சும்மா கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எழும்பூர் வீடும் மெரினா மண்டபமும் காட்டிய சிக்கன வழி அதுவே: இருக்கிற கட்டடத்தை முதலில் பார், பிறகு செங்கல் வாங்கு. ஆவடி, தாம்பரம் கமிஷனரகங்களுக்கு வரவிருக்கும் வருடங்களில் கட்டடத்துக்கென்று பணம் ஒதுக்கும்போது, முதல் ரூபாய் விளிம்பு நிலையத்துக்கும் அதன் காவலர் வீட்டுக்கும், அடுத்தது நகரத்து நிலையங்களுக்கும், கடைசி ரூபாய் தலைமை அலுவலகத்துக்கும் போகட்டும். நூற்றெண்பது வருடமாகத் தலையிலிருந்து பரிமாறிப் பார்த்தாயிற்று. கடைசி இலை இன்னும் காலியாகவே இருக்கிறது.